சௌனாவுக்குப் பின்னால் ஓர் ஆஸ்டர்

முப்பத்தொரு வருடம் இந்த மாவட்டத்துச் சாலைகளில் பனி தள்ளும் லாரி ஓட்டியவன் நான். பள்ளிக்கூட பஸ் கிளம்புமுன், பால் வண்டி வருமுன், என் லாரி போயிருக்கும். ஓய்வு பெற்ற அன்று மாவட்ட அலுவலகத்தில் கேக் வெட்டி, சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்றும் கொடுத்தார்கள். "ஆர்வோ, பத்திரமான பாதைக்கு நன்றி" என்று அதில் எழுதியிருக்கும். அதை நான் இப்போது சுவர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டியிருக்கிறேன்.

காரணம் இதுதான். போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, எங்கள் சமையலறைக் கதவிலிருந்து, கொல்லையில் விறகடுப்பு மூட்டி ஆவிக்குளியல் எடுக்கிற சௌனா அறை வரைக்கும் போகிற பாதையில் பனிக்கட்டி படிந்திருந்தது. நாற்பது தப்படி இருக்கும், அவ்வளவுதான். உடைத்து விடக் கடப்பாரையை எடுத்தேன். அந்த நேரம் பார்த்து என் சிறுவயதுத் தோழன் டாவ்னோ வந்து, உறைந்த ஏரியில் ஓட்டை போட்ட இடத்தில் மீன் வெறிபிடித்த மாதிரி கடிக்கிறது என்றான். கடப்பாரையைச் சாய்த்து வைத்துவிட்டுத் தூண்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். குளியல் துண்டுகளைச் சௌனாவில் வைப்பதற்காகப் போன என் மனைவி ஹெல்வி அந்தப் பாதையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஒரு மணி நேரம் பனியில் கிடந்தாள். நான் ஏழு மீன்களோடு வீடு திரும்பினேன்.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. "நடக்கணும், தினமும் நடக்கணும், வெளியே போகணும்" என்றார் டாக்டர். ஹெல்வி தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் சமையலறை ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து கட்டில். பிடித்து நடக்கிற அலுமினிய வண்டி ஒன்று கொடுத்திருந்தார்கள். அது அந்த வழியைத் தவிர வேறு வழி பார்க்கவில்லை. பேச்சும் குறைந்துவிட்டது. காபி வேண்டுமா என்றால் ம். ஜன்னலைச் சாத்தட்டுமா என்றால் ம். என் மேல் கோபம் என்று நினைத்தேன். கோபப்படட்டும், அதுதானே நியாயம் என்றும் நினைத்தேன்.

நான் சும்மா இருக்கவில்லை. குளியலறைக்குப் பக்கத்தில் குளிர்காலக் கோட்டுகள் தொங்குகிற பெரிய அலமாரி ஒன்று இருந்தது. கோட்டுகளைத் தூக்கி எறிந்துவிட்டு, பலகை அடித்து, மின்சார அடுப்பு வாங்கி வைத்து, வீட்டுக்குள்ளேயே ஒரு சௌனா கட்டிவிட்டேன். இனி அவள் வாசல்படி தாண்ட வேண்டாம். கொல்லைச் சௌனாவைப் பூட்டி, சாவியை ஆணியில் மாட்டினேன். டாவ்னோ சிறுவயதிலிருந்தே சனிக்கிழமை தோறும் எங்கள் வீட்டில்தான் சௌனா குளிக்கிறவன். புதியதை எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தான்.

"என்னடா இது, துணி அலமாரிக்குள்ள ஆளை வேக வைக்கிற?"

"சூடு சூடுதானே?"

"புகை வாசனை இல்ல, கட்டை வெடிக்கிற சத்தம் இல்ல. ரொட்டி சுடற பெட்டிக்குள்ள உட்கார்ந்த மாதிரி இருக்கு. ஹெல்வி என்ன சொல்றா?"

"ஒண்ணும் சொல்லல."

"அப்போ பிடிக்கல" என்றான் அவன். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இப்போது அந்தச் செடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொல்லைச் சௌனாவின் பின்மூலையில், சமையலறை ஜன்னலிலிருந்து தெரிகிற இடத்தில் ஹெல்வி வளர்க்கிற சதுப்பு ஆஸ்டர் அது, ஈர நிலத்துப் பூச்செடி. பதினைந்து வருடத்துக்கு முன்னால், வடக்குச் சாலையோரப் பள்ளத்தை எங்கள் இலாகா நாளைக்குச் சுரண்டப்போகிறது என்று சாப்பிடும்போது வாய்தவறிச் சொன்னேன். மறுநாள் விடிந்ததும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, மண்வெட்டியோடு போய், சேற்றோடு வேரோடு பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டாள். சுரண்டும் இயந்திரத்தை ஓட்டினவன் பள்ளத்தில் என் மனைவியைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னானாம்.

எங்கள் மனையோ வெறும் மணல். பைன் மரம் தவிர எதுவும் தழைக்காது. அப்படிப்பட்ட இடத்தில் இந்தச் செடி என் தலைக்கு மேல் ஒரு சாண் வளர்ந்து நிற்கும். கருஞ்சிவப்புத் தண்டு, தொட்டால் சொரசொரக்கும். இலைகள் தண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்ட மாதிரி இருக்கும். ஆகஸ்ட் கடைசியில் வெளிர் ஊதாவில் நூறு இருநூறு பூ, நடுவில் மஞ்சள். செப்டம்பர் காலைகளில் ஏரியிலிருந்து மூடுபனி ஏறி வந்து தோட்டத்தை விழுங்கிவிடும். சௌனாக் கூரை மறையும், வேலி மறையும், அந்த ஊதா மட்டும் எதிலும் ஊன்றாமல் காற்றில் நிற்கும். பூக்களின் மேல் குண்டு வண்டுத்தேனீக்கள் குளிரில் விறைத்துத் தூங்கிக்கொண்டிருக்கும். ஹெல்வி ஒரு விரலால் அவற்றின் முதுகைத் தடவுவாள். அவை ஒரு காலை மட்டும் மெல்லத் தூக்கி, 'இன்னும் கொஞ்ச நேரம்' என்பதுபோல் மறுபடி இறக்கும். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு, காபி ஆறுகிறது என்று கத்துவேன்.

அந்தப் பூவைப் பார்த்தால் எழுந்து வருவாள் என்று என் மனதில் விழுந்துவிட்டது. வேறு எதை நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நாற்காலியில் அவள் நாளுக்கு நாள் சின்னவளாகிக்கொண்டிருந்தாள். ஓர் இரவு உணவின்போது கரண்டியைப் பிடித்தபடியே தூங்கிப்போனாள். இன்னொரு குளிர்காலம் இப்படியே போனால் அந்த ஜன்னலோரத்தில் வெறும் நாற்காலிதான் இருக்கும் என்று எனக்குப் பயம் வந்தது. ஆகவே செடியைக் கவனிக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில், தெற்கே எங்கோ இருக்கிற தோட்டக்காரர் ஒருவர் எழுதுகிறார். ஆஸ்டரை ஜூலை நாலாம் தேதி வரைக்கும் நுனி கிள்ளிக்கொண்டே இருங்கள், புதர் கட்டும் என்றார். கிள்ளினேன். நாலாம் தேதி சுதந்திர தின ஊர்வலம் போய்க்கொண்டிருந்தபோதுகூட, பேண்டு வாத்தியத்தைக் கேட்டபடி கிள்ளினேன். செடி இடுப்பளவுக்கு மேல் வரவில்லை. அடி இலைகள் கருகின. நோய் என்று நினைத்துச் சோப்புத் தண்ணீர் தெளித்தேன். பசி என்று நினைத்து உரம் வைத்தேன். கருகல் ஒவ்வொரு வாரமும் ஒரு படி மேலே ஏறியது. மத்தியானங்களில் நுனிகள் தொங்கிப்போய், காற்றடித்தால் காகிதச் சத்தம் கேட்டது. அந்தக் கோடையில் மழையும் ஏமாற்றிவிட்டது. அப்போதும், தண்ணீர் ஊற்றலாமே என்ற எண்ணம் எனக்கு வரவில்லை. சிரிக்காதீர்கள். பதினைந்து வருடத்தில் அந்தச் செடிக்கு யாரும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றி நான் பார்த்ததில்லை. எதுவும் கேட்காத செடி அது என்றே இருந்துவிட்டேன்.

ஜூலைக் கடைசிச் சனிக்கிழமை டாவ்னோ வந்தான். அலமாரிச் சௌனாவுக்கு வருவதை நிறுத்தியிருந்தான். வெறும் காபிக்குத்தான் வந்தான். இரண்டு குவளை குடித்துவிட்டு, வீட்டுக் கழிப்பறையை விட்டுவிட்டு, வழக்கப்படி கொல்லைச் சௌனாவின் பின்பக்கம் ஒதுங்கப் போனான். ஐம்பது வருடப் பழக்கம், திருத்த முடியாது. போனவன் பேன்ட் பொத்தானைக்கூடப் போடாமல் திரும்பி வந்து, என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனான்.

"ஆர்வோ, இங்க வா. இங்க என் பூட்ஸ் புதையுமே, ஞாபகம் இருக்கா?"

"என்ன உளர்ற?"

"வருஷம் பூரா இந்த இடம் சொதசொதன்னு இருக்கும். ரெண்டு தடவை நான் இதுல காலை விட்டு, ஹெல்வி என்னைப் பார்த்துச் சிரிச்சிருக்கா. இப்போ பாரு." குதிகாலால் தரையை உதைத்தான். மாவு மாதிரி மணல் பறந்தது.

நான் சுவரின் அடியைப் பார்த்தேன். சௌனாத் தரையின் வடிகால் குழாய் அங்கே, செடியின் வேருக்கு ஒரு முழம் மேலே, வாயைத் திறந்துகொண்டு நின்றது. உள்ளே சிலந்தி வலை. சனிக்கிழமை தோறும் நான், ஹெல்வி, டாவ்னோ, சில சமயம் அவன் மச்சான்கள், எல்லோரும் குளித்த தண்ணீர், தலையில் ஊற்றியது, ஆவிக்காகச் சூடான கல்லில் வீசியது, காலைக் கழுவியது, அத்தனையும் பதினைந்து வருடம் அந்த வழியாகத்தான் போயிருக்கிறது. மணல் காட்டில் ஒரு சதுப்பை அவள் வாரா வாரம் உண்டாக்கியிருக்கிறாள். நான் பூட்டுப் போட்டேன்.

"நீதாண்டா இதோட குழாயை அடைச்சிருக்க" என்றான் டாவ்னோ.

கொட்டகைக்கு ஓடி, ரப்பர் குழாயை உருட்டி இழுத்துக்கொண்டு வந்து, கிணற்று மோட்டாரைப் போடப் போனேன். அப்போது டக் டக் என்று சத்தம் கேட்டது. ஹெல்வி மோதிரம் போட்ட விரலால் ஜன்னல் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு ஜன்னலையே தூக்கித் திறந்தாள். ஆறு மாதமாக அவள் அதைத் தொட்டதில்லை.

"குழாயைக் கீழ போடு!"

"செடி சாகுது ஹெல்வி!"

"தெரியும். இங்கிருந்து எனக்கு வேற என்ன தெரியுது? அதைத்தானே பார்த்துக்கிட்டிருக்கேன்."

"தெரிஞ்சா சொல்லக்கூடாதா? தண்ணிதான் வேணும்னு ஒரு வார்த்தை..."

"சொல்லியிருந்தா குழாயைத் தூக்கிட்டு ஓடியிருப்ப. இப்போ ஓடற மாதிரி."

"அதுல என்ன தப்பு?"

"எனக்குச் சௌனா வேணும், ஆர்வோ. என் சௌனா. அந்தச் செடிக்கும் அதுதான் வேணும். நீயா ஒரு நாள் அந்தக் கதவைத் திறப்பியான்னு பார்த்தேன். திறக்கலன்னா, அதுவும் போகட்டும், நானும் போறேன்னு உட்கார்ந்திருந்தேன்."

டாவ்னோ பேன்ட் பொத்தானைப் போட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்தான். குழாயைக் கீழே போட்டேன். அவள் விளையாட்டுக்குச் சொல்கிறவள் அல்ல.

ஆணியிலிருந்து சாவியை எடுத்தேன். உள்ளே எலி கூடு கட்டியிருந்தது; கூட்டி வெளியே தள்ளினேன். டாவ்னோ பிர்ச் மரக் கட்டை பிளந்தான். தொட்டிக்குத் தண்ணீர் நிரப்ப அந்த ரப்பர் குழாயே கடைசியில் உதவியது. அடுப்பு முதலில் இருமி, கண்ணெல்லாம் எரிய வைத்து, பிறகு பிடித்துக்கொண்டது. புகை கூரைக்கு மேல் எழும்பி, காற்றில்லாததால் எங்கும் போகாமல், தோட்டத்தின் மேல் நீலமாகத் தாழ்ந்து படிந்தது. அந்தப் புகைக்குள் எல்லாமே மெதுவாக நடப்பதுபோல இருந்தது. வேலியில் ஒரு பறவை உட்கார்ந்து எழுந்தது. அதற்குக்கூட அரை நாள் ஆனதாக எனக்கு ஞாபகம். இந்த ஊரில் ஜூலை மாத வெளிச்சம் இரவு பத்து மணி வரை போகாது. சாயங்காலம் என்பது முடியாமல் நீண்டுகொண்டே இருக்கும்.

சமையலறைக் கதவு திறந்தது. ஹெல்வி அலுமினிய வண்டியைப் பிடித்துக்கொண்டு படியில் நின்றாள். வெள்ளை அங்கி, தலையில் துண்டு. நான் ஓடிப்போய் அவளுக்குப் பின்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன்.

"கையை எடு."

"பிடிக்கல, சும்மா..."

"நான் விழுந்தது ஒரே ஒரு தடவைதான். நீ ஆறு மாசமா தினமும் என்னைப் பிடிச்சுக்கிட்டே இருக்க. எடு."

கைகளைப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டேன். நாற்பது தப்படி. அவள் நின்று நின்று போனாள். சௌனாவின் மூலையை நெருங்கியதும், அவள் விழுந்த இடத்தில், வெகுநேரம் நின்று கீழே பார்த்தாள். இப்போது அங்கே வெறும் புல்தான் இருந்தது. கட்டைமேல் உட்கார்ந்திருந்த டாவ்னோ, "சீக்கிரம் போங்கம்மா, என் முறை வர்றதுக்குள்ள அடுத்த பனி விழுந்துடும்" என்றான். "உன் வாய்க்குள்ள விழட்டும்" என்றாள் அவள். இருவரும் மகிழ்ச்சியாக இருந்தார்கள். நான் மட்டும்தான் செத்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே கீழ்ப் பலகையில் உட்கார்ந்தோம். மேல் பலகைக்கு அவளால் ஏற முடியாது. அவள் கீழே இருக்கும்போது எனக்கு மட்டும் என்ன மேலே வேலை. சின்னச் சதுர ஜன்னல் வழியாக வெளிச்சம் பழுப்பாக வந்தது. அவள் அகப்பையால் கல்லில் தண்ணீர் வீசினாள். ஆவி எழுந்து, கூரையைத் தொட்டு, எங்கள் தோளில் இறங்கியது. அவள் முகம் ஒரு நிமிடம் தெரிந்தது, மறு நிமிடம் தெரியவில்லை. தெரியாத நேரம் பார்த்து நான் பேசினேன்.

"அன்னிக்கு நான் பாதையை உடைச்சு விடல."

"தெரியும். அது மேலதான் படுத்திருந்தேன்."

"திட்டிடு ஹெல்வி. திட்டாம இருக்காத."

"எத்தனை மீன் பிடிச்ச?"

"ஏழு."

"ஏழு நல்ல கணக்குதான்" என்றாள். அவள் சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. ஆவிக்குள்ளிருந்து மறுபடி குரல் வந்தது. "அந்த ஒரு மணி நேரம் நான் என்ன பண்ணினேன்னு நீ கேட்டதே இல்ல."

கேட்கப் பயம். அதைச் சொன்னேன்.

"வலி முதல்ல இருந்துச்சு, அப்புறம் போயிடுச்சு. குளிரும் போயிடுச்சு. தலைக்கு மேல, மூலையிலிருந்து சாஞ்ச ஆஸ்டரோட காஞ்ச தண்டு. நான் எப்பவும் வெட்டாம விடுவேனே, அது. கறுப்புத் தொப்பி போட்ட குருவிங்க அஞ்சாறு வந்து விதையைக் கொத்திச்சுங்க. பஞ்சு பஞ்சா என் முகத்துல விழுந்துச்சு. பனியா பஞ்சான்னு தெரியல. நல்லா தூக்கம் வந்துச்சு ஆர்வோ. அவ்வளவு சுகமா. கண்ணை மூடினா ஒரு குருவி வந்து மூஞ்சிக்குப் பக்கத்துல கத்தும். திறப்பேன். மூடுவேன். மறுபடி கத்தும். தூங்க விடவே இல்ல. இல்லாட்டி நீ மீனோட வந்து என்ன பண்ணியிருப்ப?"

நான் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள், புதர் வெட்டும் கத்தியால் அந்தத் தண்டுகள் அத்தனையையும் தரையோடு தரையாக வெட்டித் தீயில் போட்டவன் நான்.

"அதை ஏன் வெட்டின?" என்றாள்.

"எதையாவது வெட்டணும் போல இருந்துச்சு."

அறுபத்தாறு வயதில், ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, விக்கி விக்கி அழுதேன். சௌனாவில் அழுவதில் ஒரு வசதி, எது கண்ணீர் எது வியர்வை என்று யாரும் கேட்க மாட்டார்கள். அவள் என் தலையில் ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றினாள். பிறகு தன் தலையில் ஒன்று. பலகையின் இடுக்குகளில் தண்ணீர் இறங்கி, வடிகாலில் தொண்டைச் சத்தத்தோடு ஓடி, சுவருக்கு அப்பால் விழுவது கேட்டது.

"இன்னொண்ணு ஊத்து" என்றாள். ஊற்றினேன். "இன்னொண்ணு." தொட்டி காலியாகிற வரைக்கும் ஊற்றினோம். வெளியே டாவ்னோ கதவைத் தட்டி, "எனக்கு மிச்சம் வைப்பீங்களா மாட்டீங்களா?" என்று கத்தினான்.

குளித்து முடித்து வெளியே வந்தபோது உடம்பெல்லாம் ஆவி பறந்தது. ஹெல்வி வண்டியைப் பிடித்துக்கொண்டு, "நீ முன்னால போ" என்றாள்.

"நீ?"

"பின்னால வர்றேன். திரும்பிப் பார்க்காத."

முப்பத்தொரு வருடம் பனிப்புயலில் லாரி ஓட்டியிருக்கிறேன். ஒருமுறை பாலத்தின் விளிம்பில் சக்கரம் தொங்கியது. அதெல்லாம் ஒன்றுமே இல்லை. முன்னால் நடந்தேன். பின்னால் வண்டியின் சத்தம் டிக், டிக் என்று புல்லில் வந்தது. நாலு தப்படி. ஐந்து. சத்தம் நின்றது.

நானும் நின்றேன். காது மட்டும் பின்னால் போனது. தண்ணீர் சொட்டுகிறது. எங்கோ ஏரியில் ஒரு படகு. அவள் சத்தம் இல்லை. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். விழுந்திருந்தால் சத்தம் கேட்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜனவரியில் யாருக்குக் கேட்டது என்றும் தோன்றியது. அப்படியே நின்றேன்.

"பார்த்தியா?" என்று குரல் வந்தது. நான் நினைத்த இடத்திலிருந்து இல்லை, இடது பக்கம், தள்ளியிருந்து.

"பார்க்கல."

"இப்போ பாரு."

அலுமினிய வண்டி பாதையில் தனியாக நின்றது. அவள் சௌனாவின் பின்மூலையில், கணுக்கால் வரை சேற்றில், எதையும் பிடித்துக்கொள்ளாமல் நின்றாள். குனிந்து, ஆஸ்டரின் கருகிய அடி இலைகளை ஒவ்வொன்றாக உருவி அங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நின்னு பார்க்காம போய்க் காபி போடு" என்றாள். "எனக்கு இங்க வேலை இருக்கு. அரை மணி நேரமாகும்."

நான் போய்க் காபி போட்டேன்.